மண்டபத்து மாடியில் இரண்டு ஏர்கான்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த கதை

தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் எங்கள் சங்கத்து மண்டபத்தின் மொட்டை மாடியில் 2022 செப்டம்பரில் இரண்டு பெரிய ஏர்கான், அதாவது ஏசி, வைத்தோம். ரூஃப்டாப் பேக்கேஜ் யூனிட் என்பார்கள். மூன்று கோடை, மூன்று குளிர்காலம் பார்த்தாயிற்று. கல்யாணம், அரங்கேற்றம், புரட்டாசி பூஜை, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் இதன் கீழேதான் நடந்திருக்கிறது. வேறு சங்கத்துக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று அடிக்கடி யாராவது கூப்பிட்டு "நல்லா இருக்கா, நாங்களும் போடலாமா" என்று கேட்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மெஷின் நல்ல மெஷின். பொருத்தியவர்கள் வேலை அரைகுறை. அடுத்த வருடம் ஜூலையில் சர்வீஸுக்கு வந்த ஒரு சின்னக் குழு, ஒரு பக்கியும் (சின்ன லாரி) மூன்று ஆட்களும்தான், அவர்கள்தான் இதை ஒழுங்காக ஓட வைத்தார்கள். யார் பெயரையும் போடவில்லை. நீங்கள் எந்தக் கம்பெனியைக் கூப்பிட்டாலும் என்ன கேட்க வேண்டும், எதை மேலே ஏறி உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஏன் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி போடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் மண்டபத்தில் 350 பேர் உட்காரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பிலிருந்தே நூறு வாட்டுக்கு மேல் சூடு வெளிவருகிறது, அப்படியென்றால் கூட்டம் நிறைந்த மண்டபத்தில் ஆட்கள் மட்டுமே ஏறக்குறைய 40 கிலோவாட் ஹீட்டர் மாதிரி. அதற்கு மேல் விளக்கு, வெயில் பட்ட கூரை, ஹோம குண்டம், சாப்பாட்டுப் பக்கம். சுவரெல்லாம் ஸ்பிளிட் மாட்டினால் குளிரும், ஆனால் சுவர் ஸ்பிளிட் உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும், புதுக் காற்று ஒரு துளி கொண்டுவராது. மாடியில் வைக்கும் யூனிட்டில் வெளிக்காற்றை உள்ளே எடுக்க ஒரு வாசல் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு யூனிட், ஒவ்வொன்றும் 45 கிலோவாட், பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 13 டன் (இது குளிரூட்டும் சக்தியின் அளவு, எடை இல்லை). அரை டன்னுக்கு மேல் எடை, கிரேன் வைத்துத்தான் ஏற்றினார்கள்.

அந்த சர்வீஸ் குழுவில் வந்த தம்பி முதல் நாள் என்னை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த் பிள்ளை, தமிழ் புரியும், பேசத்தான் கொஞ்சம் தயங்குவார். "அங்கிள், இதை நீங்க ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் யாரும் உங்கள ஏமாத்த முடியாது" என்றார். சரிதான்.

பெட்டி உள்ளே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதி மண்டபத்துக் காற்று போகும் பாதை. கீழேயிருந்து பெரிய டக்ட், அதாவது காற்றுக் குழாய், வழியாகப் பழைய காற்று மேலே வரும், வெளிக்காற்று கொஞ்சம் அதோடு கலக்கும், ஃபில்டரைத் தாண்டும், அப்புறம் காயில் (மெல்லிய தகடுகள் கோர்த்த குழாய் வரிசை), அதைத் தாண்டியதும் உரல் மாதிரி உருண்டையாக ஒரு ப்ளோவர் அந்தக் காற்றை இழுத்து இன்னொரு டக்டில் தள்ளும், அது கூரைக்குள் ஓடி மண்டபத்தில் இறங்கும். மறு பாதி வானத்துக்குத் திறந்தது: கம்ப்ரசர், வெளிக் காயில், வானத்தைப் பார்த்தபடி பெரிய விசிறிகள். உள்ளே எடுத்த சூட்டை, குழாய்க்குள் சுற்றும் குளிரூட்டும் கேஸ் சுமந்து வந்து இந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போகும். கேஸ் உள் காயிலில் கொதித்து ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும், கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிக் காயிலுக்கு அனுப்ப, அங்கே சூட்டை விட்டுவிட்டுத் திரும்பவும் திரவமாகும். குளிர்காலத்தில் ஒரு வால்வு இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும், வெளியிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே கொட்டும், இதைத்தான் ஹீட் பம்ப் என்பார்கள். ஒரு யூனிட் கரண்ட் செலவழித்தால் சாதாரணமாக மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும், கம்பி ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். அமெரிக்காவில் பல இடங்களில் இதே பெட்டிக்குள் எரிவாயு அடுப்பு வைத்துச் சூடாக்குவார்கள், எங்களுடையதில் அது இல்லை, தேவையும் படவில்லை.

இனி பொருத்தியவர்கள் கோட்டைவிட்ட விஷயங்கள். முதலாவது, உயரம். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றின் கனம் கடலோர ஊரான டர்பனில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. சூட்டைச் சுமப்பது காற்றின் கனம்தான், அதனால் ப்ளோவர் டர்பன் வேகத்திலேயே சுற்றினால் அதே அளவு காற்று வந்த மாதிரி தெரியும், ஆனால் குளிர்ச்சி குறையும். எங்களுக்கு அதுதான் நடந்தது. முதல் தீபாவளிக்கு மேடைப் பக்கம் குளிர், பின் வரிசையில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள், போதிய காற்று போகாமல் உள் காயிலில் ஐஸ் கட்டி நின்றது. பொருத்தியவர்களைக் கூப்பிட்டால் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று கேஸ் ஏற்றிவிட்டுப் பில் கொடுத்தார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் சாமான் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றுவது, குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ஓட்டையைத் தேடாமல் ஏற்றினால் காசும் போகும், பூமிக்கும் கேடு. எங்களுடையதில் இருப்பது ஆர்410ஏ, அது ஒரு கிலோ வெளியே போனால் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடு போன கணக்கு.

ஜூலையில் வந்த தம்பி கேஸைத் தொடவே இல்லை. முதலில் காற்றை அளந்தார், மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தார், ப்ளோவரை மோட்டாரோடு இணைக்கும் பெல்ட்டின் சக்கரத்தை, அதாவது புல்லியை, பார்த்தார். கடலோர ஊருக்குச் செய்த செட்டிங் அப்படியே இருந்தது. புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டலாம், ஆனால் வேகம் கொஞ்சம் கூடினாலே மோட்டார் மேல் சுமை தாறுமாறாக ஏறும், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் இங்கத்து லேசான காற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் சுமை ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுகிறது. போதாக்குறைக்கு சாதாரண மோட்டார்களை 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள், அதற்கு மேலே மெல்லிய காற்றில் மோட்டாருக்கே சூடு சரியாக ஆறாது. ஆகையால் ஒரு யூனிட்டில் புல்லி மட்டும், இன்னொன்றில் மோட்டாரையும் சேர்த்து மாற்றினார். இரண்டு நாள் வேலை. அந்த வருடத் தீபாவளிக்குப் பின் வரிசையிலும் குளிர்ந்தது, ஐஸும் கட்டவில்லை. நீங்கள் கொட்டேஷன் வாங்கும்போது "இந்த ஊர் உயரத்துக்குக் காற்றும் மோட்டாரும் கணக்குப் போட்டீர்களா" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போது இன்னும் கோபம் வருகிறது. வெளிக்காற்று வாசல், டாம்பர் என்பார்கள், அதை அவர்கள் மூடி ஸ்க்ரூ போட்டு வைத்திருந்தார்கள். கரண்ட் மிச்சமாகும் என்று காரணமாம். புதுக் காற்றுக்காகவே இந்த மெஷினை வாங்கிய எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் மத்தியானமானால் பிள்ளைகள் வாடிப்போய்த் தூங்கும், பெரியவர்களுக்குத் தலைவலி, ஹோமப் புகை அடுத்த வாரம் வரைக்கும் திரைச்சீலையில் இருக்கும். நாங்கள் கூட்டம், வெயில் என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். தம்பி கையில் ஒரு சின்ன மீட்டரோடு ஒரு கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்தார். வெளியே கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்கு காற்றில் 420 சொச்சம் இருக்கும், உள்ளே சாப்பாட்டு நேரத்துக்கு 2,000 தாண்டியது.

இப்போது டாம்பர் தானாகத் திறந்து மூடுகிறது. வெளிவாசல் திறக்கத் திறக்க மண்டபத்திலிருந்து திரும்பி வரும் வழி மூடும், இரண்டையும் ஒரே கம்பியில் கோர்த்திருக்கிறார்கள். இதில் நமக்கு இரட்டை லாபம். இந்த ஊரில் கோடையில்கூடச் சாயங்காலம் ஒரு மழை பெய்தால் வெளியே 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும், டர்பன் அளவுக்குக் காற்றில் ஈரமும் இருக்காது. அந்த நேரத்தில் கம்ப்ரசர் எதற்கு? வாசலை முழுக்கத் திறந்து வெளிக்குளிரையே உள்ளே ஊதினால் போதும், ப்ளோவர் மட்டும் ஓடும். இரவு ரிசப்ஷனில் நான் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், கீழே 300 பேர், மேலே இரண்டு கம்ப்ரசரும் அமைதியாக நிற்கின்றன. டர்பன் மாதிரி புழுக்கமான ஊரில் இது இவ்வளவு உதவாது, நமக்கு இறைவன் கொடுத்த வரம்.

ஹோமத்துக்கு என்று தனியாக ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னேன். அதைப் போட்டால் வெளிவாசல் முழுக்கத் திறக்கும், பின்பக்கச் சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் விசிறிகளும் ஓடும், புகை திரும்ப யூனிட்டுக்குள் போகாமல் வெளியேறிவிடும். ஐயரும் சந்தோஷமாக இருக்கிறார், கண் எரியாமல் மந்திரம் சொல்ல முடிகிறது. குளிர்காலக் காலையில் மட்டும் பாதி வாசல்தான், வெளியே 5 டிகிரி இருக்கும்போது அவ்வளவு காற்றையும் 20 டிகிரிக்குக் கொண்டுவர மெஷினின் சக்தி முழுக்க அதற்கே போய்விடும்.

அப்புறம் தண்ணீர். 2022 டிசம்பரில் மேடைக்கு மேலே சீலிங்கில் பழுப்பாகக் கறை, ஒரு நாள் சொட்ட ஆரம்பித்தது, நேராகக் குத்துவிளக்குப் பக்கத்தில். கூரை ஒழுகுகிறது என்று தார் பூசினார்கள், மறுபடியும் சொட்டியது. கூரையில் ஒரு குறையும் இல்லை. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராக வழியும், அது ஒரு தட்டில் விழுந்து வடிகால் பைப் வழியாக வெளியேற வேண்டும். ப்ளோவர் காற்றை இழுக்கிறதல்லவா, அந்த இழுப்பில் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தட்டில் தேங்கி வழியும். அதற்குத்தான் பைப்பை வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் மாதிரி யு வளைவாகப் போட வேண்டும், வளைவில் நிற்கும் தண்ணீர் காற்றை அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு நேர் பைப் போட்டிருந்தார்கள். ஒரு வளைவு பைப், கொஞ்சம் பசை, பத்து நிமிஷ வேலை, அதோடு ஒழுகல் நின்றது. ஆனால் இங்கே குளிர்காலத்தில் மழை அபூர்வம், காற்று அப்படி வறளும், வளைவுத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். செப்டம்பரில் முதல் தடவை குளிர் போடுவதற்கு முன் யாராவது ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துப்போய் அதில் ஊற்ற வேண்டும். இப்போது அது என் வேலை.

குளிர்காலம் பற்றி உள்ளதைச் சொல்கிறேன், குளிர்ச்சியில் இந்த மெஷினுக்கு முழு மதிப்பெண், சூட்டில் கொஞ்சம் குறைவு. ஹீட் பம்ப்பிலிருந்து வரும் காற்று அனல் மாதிரி இருக்காது, 35 டிகிரி சுமாருக்குத்தான் வரும், சூடான காற்று மேலேயே மிதக்கும் குணம் உள்ளது, எங்கள் சீலிங் ஐந்து மீட்டர் உயரம். முதல் ஜூன் மாதம் முன் வரிசையில் உட்கார்ந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "தம்பி, தலைக்கு மேலே சூடா இருக்கு, கால் விறைக்குதுப்பா" என்றார். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது, எனக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது. பிறகு சீலிங்கில் காற்று இறங்கும் வாய்களை நேராகக் கீழே குத்திவிடும் வகைக்கு மாற்றினோம், ப்ளோவரை நிறுத்தாமல் ஓடவிடுகிறோம், ஞாயிறு முகூர்த்தம் என்றால் காலை ஐந்து மணிக்கே ஆன் செய்துவிடுகிறோம். இப்போது பரவாயில்லை. உயரமான மண்டபமாக இருந்தால் அந்த வாய்களைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், பின்னால் மாற்றினால் சாரம் கட்ட வேண்டும்.

குளிர்காலத்தில் இன்னொன்றும் நடக்கும், பயப்படாதீர்கள். உறைபனிக் காலையில் வெளிக் காயிலில் பனி படியும், அதை உருக்க மெஷின் சில நிமிஷம் தன் ஓட்டத்தைத் திருப்பிக்கொள்ளும், வெள்ளையாக ஆவி குபுகுபு என்று மாடியிலிருந்து எழும்பும். முதல் தடவை எதிர்க் கடைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். நம் குளிர்காலம் வறண்டது என்பதால் இது அடிக்கடி வராது.

கரண்ட் விஷயம். 2023 எப்படி இருந்தது என்று இந்த நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்ட் வெட்டுவது, இல்லாத நாளைத் தேட வேண்டியிருந்தது. வாடகை ஜெனரேட்டர் வைத்தோம். ஒரு சனிக்கிழமை ஜெனரேட்டருக்கு மாற்றியதும் மாடியில் கடகட என்று தகரத்தில் கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி சத்தம். கீழே காற்று வந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சம் மெலிசாக, குளிர் மட்டும் இல்லை. விஷயம் என்னவென்றால் இது மூன்று ஒயர் வரிசையில் கரண்ட் வாங்கும் த்ரீ ஃபேஸ் மெஷின், ஜெனரேட்டர் ஒயரில் இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தது, எல்லா மோட்டாரும் தலைகீழாகச் சுற்றின. அந்த உருண்டை ப்ளோவர் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று சரியான பக்கமே போகும், அதனால் கீழே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் கம்ப்ரசர் ஸ்க்ரோல் என்ற வகை, அது தலைகீழாகச் சுற்றினால் ஒன்றும் அழுத்தாது, தன்னையே அரைத்துக்கொள்ளும். நான் தம்பிக்கு போன் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன், "அங்கிள், ஆஃப் பண்ணுங்க, இப்பவே" என்றார், கம்ப்ரசர் பிழைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்து ஃபேஸ் ரிலே போட்டுக் கொடுத்தார், இனி வரிசை மாறினாலோ ஒரு ஃபேஸ் போனாலோ மெஷின் கிளம்பவே கிளம்பாது. கரண்ட் திரும்பியதும் ஐந்து நிமிஷம் பொறுத்து ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று கிளம்பும்படியும் செய்தார். உள்ளே கேஸ் அழுத்தம் சமமாவதற்கு முன் கம்ப்ரசரைத் தட்டி எழுப்பக் கூடாது, இரண்டும் ஒன்றாக எழுந்தால் ஜெனரேட்டர் மூச்சுத் திணறும். இந்த ரிலே சின்னச் சாமான். மெஷினோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆலங்கட்டி மழைக்கு வலை போடுங்கள். 2013 நவம்பரில் இந்தப் பக்கம் பெய்த ஆலங்கட்டியில் கார்களெல்லாம் என்ன பாடு பட்டன என்று நினைவிருக்கும், வெளிக் காயிலின் ஃபின்கள், அதாவது தகடுகள், தாள் மாதிரி மெல்லியவை, அடித்தால் மடங்கிக் காற்று போகும் வழி அடைந்துவிடும். எங்களுக்கு முதல் கோடையிலேயே ஒரு பக்கம் மடங்கியது, சீப்பு மாதிரி ஒரு கருவி வைத்து ஒவ்வொரு வரியாக நிமிர்த்தினார்கள், பார்க்கவே பொறுமை வேண்டும்.

தூசிதான் தினப்பாடு. ஆகஸ்ட் காற்றில் சுரங்க மண் மேடுகளிலிருந்து வரும் மஞ்சள் தூசி எல்லா வீட்டு ஜன்னலிலும் இருக்கும், ஃபில்டரில் கேட்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் மாற்றச் சொல்வார்கள், ஆகஸ்டில் நாங்கள் மூன்று வாரத்தில் மாற்றுகிறோம். அடைந்த ஃபில்டர் இருந்தால் மேலே சொன்ன அத்தனை காற்றுக் கணக்கும் வீண்.

குறைகள்: ஒரு யூனிட் நேராக மேடைக்கு மேலே இருக்கிறது. நாதஸ்வரம் வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது, யாராவது தனியாகத் தேவாரம் பாடினால் அடியில் ஒரு உறுமல் கேட்கிறது. யூனிட்டுக்கு அடியில் இருந்த ரப்பரை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்ததில் பாதி குறைந்தது. ஸ்டோர் ரூமுக்கு மேலே வைத்திருக்க வேண்டும், டக்ட் கொஞ்சம் நீளம் கூடியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, ஸ்பிளிட்டில் பத்தில் ஒன்று கெட்டால் ஒன்பது ஓடும், இங்கே ஒன்று நின்றால் பாதி மண்டபம் நிற்கும், அதனால் பெரிய ஒன்றுக்குப் பதில் இரண்டாக வாங்கியதை நான் சரி என்றே நினைக்கிறேன்.

சர்வீஸ் குழுவைப் பற்றி. வருடத்துக்கு நான்கு தடவை வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, மோட்டார் கரண்ட், கேஸ் அழுத்தம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள், போன தடவை என்ன இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கேட்டதும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் பதிவு அட்டையை எடுத்துக் காட்டினார்கள். இந்த நாட்டில் கேஸ் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும், கேட்பதில் சங்கடமே படாதீர்கள். பொருத்தியவர்களின் கொட்டேஷனைவிட இவர்கள் கொஞ்சம் கூடக் கேட்டார்கள், கமிட்டியில் அதற்கு ஒரு சண்டையே நடந்தது. நான் அந்தத் தாள்களை மேஜையில் பரப்பிக் காட்டினேன், அப்புறம் யாரும் பேசவில்லை.

ஐந்துக்கு மார்க் போட்டால் மெஷினுக்கு நான்கு, பொருத்தியவர்களுக்கு ஒன்றரை, சர்வீஸுக்கு ஐந்து. லெனேஷியா பக்கம் இருப்பவர்கள் யாராவது வாங்கும் யோசனையில் இருந்தால் வந்து மாடி ஏறிப் பாருங்கள், கதவைத் திறந்து காட்டுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் பஜனைக்கு முன்னால் வந்தால் நான் இருப்பேன். நல்ல செருப்புப் போட்டு வாருங்கள், ஏணி செங்குத்து.